உதவித்தொகைக்கு உரியவர் யார்? ஒரு கேள்வியின் வரலாறு



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானது முதல் கல்லூரிகள் திறக்கும் நாள் வரை, அஸர் தொழுகைக்குப் பின் நம் மதரஸாவின் திண்ணையில் ஒரு சிறு கூட்டம் கூடுவது வழக்கமாகிவிட்டது. கையில் பிளாஸ்டிக் உறை. அதனுள் மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம். பிள்ளைகள் சற்றுத் தள்ளி நிற்பார்கள். தாய்மார்கள்தாம் பேசுவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஹழ்ரத், அரசாங்க உதவித்தொகைக்கு எங்கள் பிள்ளை தகுதிதானா?"

இக்கேள்விக்கு நாம் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து விடை சொல்லிவிடுகின்றோம். ஆயினும் 'தகுதி' என்னும் அச்சொல் எங்கிருந்து வந்தது, அதை அளக்கும் கோல் யார் கையில் இருந்தது, காலந்தோறும் அது எவ்வாறு மாறியது என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அதனை அறிந்தால் படிவத்தின் முன் நாணி நிற்கவும் வேண்டியதில்லை. பொய் எழுதவும் மனம் வாராது. ஆகவே இக்கட்டுரை.

திண்ணைத் தோழர்களும் மூன்று சாட்சிகளும்

கல்வி கற்போரைப் பொதுப்பொருளால் பேணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியின் நிழலில் தங்கியிருந்த அஹ்லுஸ் ஸுஃப்பா எனப்படும் திண்ணைத் தோழர்களுக்கு வீடும் இல்லை, வணிகமும் இல்லை. அவர்கள் கற்றார்கள், ஏனைய தோழர்கள் அவர்களுக்கு உணவளித்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமக்கு வரும் ஸதகாவை அவர்களுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அக்காலத்திலேயே 'யாருக்கு உரியது' என்ற கேள்வியும் எழுந்தது. ஹஜ்ஜத்துல் விதாவின்போது நபி (ஸல்) அவர்கள் ஸதகாப் பொருளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் வந்து தமக்கும் கேட்டார்கள். நபியவர்கள் அவர்களை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள். உடல் வலிமை உள்ளவர்களாகவே தோன்றினார்கள். விரும்பினால் தருவதாகச் சொன்ன நபியவர்கள், செல்வந்தருக்கும் உழைத்துப் பொருளீட்டும் ஆற்றலுள்ளவருக்கும் இதில் பங்கில்லை என்பதையும் உடன் தெரிவித்தார்கள். இச்செய்தி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. விதி இன்னதெனத் தெளிவாகச் சொல்லப்பட்டது; முடிவோ கேட்டவர்களின் மனச்சான்றிடம் விடப்பட்டது.

மற்றொரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கபீஸா (ரலி) அவர்கள் ஒரு பொறுப்புக் கடனுக்காக உதவி கேட்டு வந்தபோது, பிறரிடம் கேட்பது மூவருக்கே ஆகும் என நபியவர்கள் விளக்கினார்கள். அம்மூவரில் ஒருவர் வறுமையுற்றவர். அவருடைய வறுமைக்கு அவருடைய சமூகத்தைச் சேர்ந்த அறிவுடையோர் மூவர் சாட்சி சொல்ல வேண்டும். இன்றைய வருமானச் சான்றிதழ் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் எனப் படிப்படியாகச் செல்வதைக் காணும்போதெல்லாம் இந்த ஹதீஸ் நம் நினைவுக்கு வருகின்றது. ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய மூவரும் அம்மனிதனின் அண்டை அயலார். அடுப்பு எரிந்ததா, எரியவில்லையா என்பது அவர்களுக்குத் தெரியும்.

பின்னர் வக்ஃபுகள் பெருகின. பாக்தாதில் அப்பாஸிய கலீஃபா முஸ்தன்ஸிர் பில்லாஹ் 1234-ஆம் ஆண்டில் திறந்துவைத்த முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில், நான்கு மத்ஹபுகளுக்கும் தலா 62 மாணவர் என்ற கணக்கு இருந்தது. அவர்களுக்கு உணவும், மாதம் ஒரு பொன் தீனாரும் வழங்கப்பட்டன. தகுதி யாருக்கு என்பதை வக்ஃபு செய்தவரின் சாசனமே தீர்மானித்தது. 'வாகிஃபின் நிபந்தனை' என்பதற்கு ஃபிக்ஹு நூல்கள் பெரும் மதிப்பளிக்கின்றன. உழைக்கும் உடலிருந்தும், மார்க்கக் கல்வியில் முழுமையாக ஈடுபட்டிருப்பதால் பொருளீட்ட இயலாத மாணவர் ஜகாத் பெறலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுவதும் இங்கே எண்ணத்தக்கது. 'வலிமையுள்ளவர்' என்ற பொதுவிதிக்குள் மாணவரின் நிலையைத் தனியே ஆராய்ந்து கூறிய சட்டம் அது.

ஹூக்ளிக் கல்லூரி தந்த பாடம்

நம் நாட்டிற்கு வருவோம். வங்காளத்தின் ஹூக்ளியில் 1732-இல் பிறந்தவர் ஹாஜி முஹம்மது முஹ்சின். தம் சகோதரி வழியாகத் தமக்கு வந்த பெருஞ்சொத்தை அவர் 1806-இல் வக்ஃபு செய்தார். வருவாயை ஒன்பது பங்காக்கி, மூன்றினைச் சமயப் பணிகளுக்கும், நான்கினை ஊழியர் ஊதியம், உதவித்தொகை போன்றவற்றிற்கும், இரண்டினை நிர்வாகம் செய்யும் முத்தவல்லிகளுக்கும் ஒதுக்கினார். 1812-இல் அவர் மறைந்தார். முத்தவல்லிகள் மீது முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. ஆங்கில அரசு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

வழக்குகள் நடந்த காலத்தில் பெருந்தொகை சேர்ந்திருந்தது. அதனைக் கொண்டு 1836-இல் ஹூக்ளிக் கல்லூரி நிறுவப்பெற்றது. அதன் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. பங்கிம் சந்திர சட்டோபாத்யாய போன்றோர் அங்கே பயின்றனர். அதில் குறைகாண ஏதுமில்லை. கற்க வந்தவர் கற்றனர். ஆனால் முஸ்லிம் பெயரால் அமைந்த வக்ஃபின் பணத்தில் நடந்த அக்கல்லூரியில் முஸ்லிம் மாணவர் மிகச் சிலரே இருந்தனர். அங்கே படித்துப் பின்னாளில் பெரும் சட்ட அறிஞராக விளங்கிய சையத் அமீர் அலீ போன்றோர் அரிதான விதிவிலக்கு. தடை என்று எந்த விதியும் எழுதப்படவில்லை. கட்டணம், கற்பிக்கும் மொழி, ஆங்கிலக் கல்வி மீதிருந்த ஐயம் ஆகியவையே எழுதப்படாத விதிகளாயின.

1871-இல் வில்லியம் வில்சன் ஹண்டர் என்னும் ஆங்கில அதிகாரி இந்திய முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலில் இதனைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் மேயோ பிரபுவின் அரசும் முஸ்லிம்களின் கல்வி குறித்துத் தீர்மானம் வெளியிட்டது. 1873-இல் மாற்றம் வந்தது. கல்லூரியின் செலவை அரசே ஏற்றது. முஹ்சின் நிதி முஸ்லிம் மாணவருக்கென விடுவிக்கப்பட்டது. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய ஊர்களில் மதரஸாக்கள் எழுந்தன. பொதுக் கல்விக்கூடங்களில் சேரும் முஸ்லிம் மாணவரின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை அந்நிதி செலுத்தியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. எல்லாருக்கும் பொதுவென்று சொல்லப்படும் கதவும் எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பது ஒன்று. முத்தவல்லிகளின் கை சுத்தமாக இருந்திருந்தால் அந்த வக்ஃபு அரசின் கைக்குப் போயிருக்கும் வாய்ப்பே குறைவு என்பது மற்றொன்று. முதலாவதை நாம் மேடைதோறும் பேசுகின்றோம். இரண்டாவதைப் பேசுவதில்லை.

மதத்தின் பெயரிலிருந்து பிற்பட்ட நிலைக்கு

1882-இல் அமைந்த கல்வி ஆணையம் (இதன் தலைவரும் அதே ஹண்டர்தான்) முஸ்லிம்களுக்குத் தொடக்கப் பள்ளியிலிருந்து கல்லூரி வரை படிப்படியாகத் தனி உதவித்தொகைகளும், கட்டணமில்லா இடங்களும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அக்காலத்தில் மாணவர் முஸ்லிம் என்பதே போதிய தகுதியாயிற்று. வருமானச் சான்றிதழ் என்ற ஒன்று பேசப்படவில்லை.

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. 1927-இல் அது வடிவம் பெற்றபோது, அரசுப் பணிகளில் ஒவ்வொரு 12 இடங்களிலும் 2 முஸ்லிம்களுக்கு எனக் கணக்கிடப்பட்டது. விடுதலைக்குப் பின் மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடங்களிலும் 1 முஸ்லிம்களுக்கு இருந்தது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அது வழிவகுத்தது.

இதனால் தகுதியின் இலக்கணமே மாறியது. அதுவரை 'நீ எந்த மதம்?' என்று கேட்ட படிவம், 'நீ எந்த வகுப்பு, அது பிற்பட்டதா?' என்று கேட்கலாயிற்று. இன்று தமிழ்நாட்டின் பட்டியலில் அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது என ஏழு பிரிவினர் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாக இடம்பெற்றுள்ளனர். அதுவரை பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிற்குள் அடங்கியிருந்த இவர்களுக்கு, 2007-இல் அதிலிருந்தே 3.5 விழுக்காடு தனியே பிரித்தளிக்கப்பட்டது.

இதனால்தான் சாதிச் சான்றிதழில் வெறுமனே 'இஸ்லாம்' என்று எழுதினால் போதாது என நாம் வலியுறுத்துகின்றோம். இஸ்லாத்தில் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை, அதில் ஐயமில்லை. ஆனால் இச்சான்றிதழ் ஈமானை அளப்பதன்று. ஒரு கூட்டத்தார் கல்வியில் எவ்வளவு பின்தங்கினர் என்பதற்கான அரசின் பதிவு அது. அவ்வளவே அதன் பொருள்.

வருமானம் என்னும் அளவுகோல்

1979-இல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிற்படுத்தப்பட்டோர் ஆயினும் ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்டால் இடஒதுக்கீடு இல்லை என்றது அவ்வாணை. கடும் எதிர்ப்பு எழுந்தது. 1980 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோல்வி கண்டது. ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடும் 31-லிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. இடஒதுக்கீட்டில் வருமான அளவுகோலைத் தமிழகம் ஏற்கவில்லை. ஆனால் உதவித்தொகையில் அது நிலைபெற்றது. இவ்விரண்டையும் பெற்றோர் பலர் குழப்பிக்கொள்கின்றனர். கல்லூரியில் இடம் கிடைக்க வகுப்புச் சான்று. உதவித்தொகை கிடைக்க வகுப்பு அல்லது சிறுபான்மைச் சான்றுடன் வருமானச் சான்றும் தேவை. ஒன்று இருப்பதால் மற்றொன்று தானே வந்துவிடாது.

2005-இல் அமைக்கப்பட்ட நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு 2006 நவம்பரில் அறிக்கை அளித்தது. அதனை அடுத்து ஒன்றிய அரசு சிறுபான்மையினருக்கான உதவித்தொகைகளை அறிவித்தது. பள்ளி மாணவருக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குள், பதினொன்றாம் வகுப்பு முதல் மேற்படிப்பு வரை 2 லட்சத்திற்குள், தொழிற்கல்விக்கு 2.5 லட்சத்திற்குள் என வரம்புகள் அமைந்தன. முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டியிருந்தது. மாணவியருக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. மதம், மதிப்பெண், வருமானம் என மூன்று சல்லடைகள்.

2022-ஆம் ஆண்டு அச்சல்லடைகள் இறுகின. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி அவ்வகுப்புகளில் கல்வி இலவசம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆய்வு மாணவருக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, பிற திட்டங்களோடு ஒத்திருப்பதாகக் கூறி நிறுத்தப்பட்டது. 2023-இல் மேலும் ஒரு வேதனையான செய்தி வந்தது. ஒன்றிய அமைச்சகம் 1,572 கல்வி நிறுவனங்களை ஆய்ந்ததில் 830 நிறுவனங்கள் மோசடியில் ஈடுபட்டதாகக் கண்டு, மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. இல்லாத மாணவரின் பெயரால் பணம் எடுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு. முஹ்சினின் முத்தவல்லிகள் மறைந்து இருநூறாண்டு ஆகியும் அதே நோய் தீரவில்லை.

தமிழ்நாடோ வேறு சில கேள்விகளையும் கேட்கத் தொடங்கியது. 2010-இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரித் திட்டம், 'உன் வீட்டில் உனக்கு முன் பட்டம் பெற்றவர் உண்டா?' என்று கேட்டது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், 'ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தாயா?' என்று கேட்டு, கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோரும் பின்னர் சேர்க்கப்பட்டனர். 2024-இல் மாணவருக்கெனத் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. நம் பெண்பிள்ளைகளில் பலர் தம் வீட்டின் முதல் பட்டதாரிகள். இத்திட்டங்களின் கேள்விகள் அவர்களுக்காகவே எழுதப்பட்டனவோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் தெரியாமையால் விண்ணப்பிக்காமல் விடுவோர் இன்னும் உள்ளனர்.

நம் கையில் இருந்த பட்டியல்

அரசைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டு, நம்மைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நீதியாகாது.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து கல்லூரி மாணவர் சிலருக்குக் கட்டணம் செலுத்த முடிவாயிற்று. பெயர்ப் பட்டியல் எழுதும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டது. விண்ணப்பித்தோர் குழுவின் முன் ஒவ்வொருவராக வந்து நின்றனர். அவர்களில் தந்தையை இழந்த ஒரு மாணவன் தேய்த்த சட்டை அணிந்து, தலைவாரி, கேட்ட கேள்விகளுக்குச் சிரித்த முகத்தோடு விடை சொன்னான். "இவர்களுக்கு மாடி வீடு அல்லவா?" என்றார் ஒருவர். நாம் அடுத்த பெயருக்குச் சென்றோம்.

அது பாட்டனார் கட்டிய வீடு என்பதும், தாயும் பிள்ளைகளும் மாடியில் ஓர் அறையில் மட்டும் இருந்தனர் என்பதும் பிறகே தெரிந்தது. அவன் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போனான். பல ஆண்டுகள் கழித்து மண்ணடியில் ஒரு கடையில் அவனைக் கண்டோம். எழுந்து ஸலாம் சொன்னான், தேநீர் வரவழைத்தான், மதரஸாவின் நலம் கேட்டான். விடைபெறும்போது, "ஹழ்ரத், அந்தப் பட்டியல் இப்போதும் நீங்கள்தான் எழுதுகிறீர்களா?" என்றான். அதில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. அதனாலேயே நம்மால் தேநீரை முடிக்க முடியவில்லை.

கேட்காமல் மானம் காக்கும் ஏழைகளை அறியாதவர் செல்வந்தரென எண்ணுவர் என்று சூரத்துல் பகராவின் 273-ஆம் வசனம் எச்சரிக்கின்றது. அந்த வசனத்திற்கு நாம் பலமுறை விளக்கம் சொல்லியிருக்கின்றோம். அந்த அறியாதவர் நாமேயாவோம் என்பது அன்றுதான் விளங்கிற்று. மூன்று சாட்சிகள் பற்றிய ஹதீஸை ஓதிக்கொடுத்தவர்கள், ஓர் அயல்வீட்டாரையேனும் கேட்டறியவில்லை.

அதன்பின் நம் ஜமாஅத்தில் முறை மாறியது. மாணவர் எவரும் குழுவின் முன் வந்து நிற்க வேண்டியதில்லை. அதே தெருவைச் சேர்ந்த மூவர் தனித்தனியே விசாரித்து எழுதித் தருவர்; அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பார். பெயர்கள் வெளியே சொல்லப்படுவதில்லை. அரசு உதவித்தொகை கிடைக்க வாய்ப்புள்ள பிள்ளைக்கு முதலில் அதற்கான விண்ணப்பம்; கிடைக்காதவருக்கும் காலம் தாழ்ந்தவருக்கும் பைத்துல்மால்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

தேர்வு முடிவு வரும்வரை காத்திராதீர்கள். வகுப்புச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் முன்கூட்டியே பெற்று வையுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பிள்ளையின் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கட்டும். 'முஹம்மது', 'முகமது', 'மொஹமத்' என ஒரு பெயரை மூன்று விதமாக எழுதி அலைந்தவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாருடன் இணைந்திருத்தல் வேண்டும்.

வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள். வெளிநாட்டில் தந்தை ஈட்டுவதை மறைத்து, "கூலி வேலை என்று எழுதிக்கொடுங்கள் ஹழ்ரத்" என்று கேட்போர் உண்டு. வரம்புக்கு மேல் உள்ளவர் கீழே எழுதிப் பெறும் ஒவ்வொரு தொகையும், மாடி வீட்டின் ஓர் அறையில் இருக்கும் ஏதோவொரு யத்தீமின் பங்காக இருக்கக்கூடும். மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு முடிவை மனச்சான்றிடம் விட்ட அந்த நபிமொழியை அப்போது எண்ணிப் பாருங்கள்.

உண்மையில் தகுதி உள்ளவர்களோ தயங்க வேண்டாம். அது பிச்சையன்று, பொதுப்பொருளில் உங்களுக்கு எழுதப்பட்ட பங்கு. அதைப் பெற்றுப் படித்து எழுந்த பிள்ளை, நாளை கொடுப்போரின் வரிசையில் நிற்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. உரியவரை அறியும் கண்ணையும், உரியதை உரியவரிடம் சேர்க்கும் நேர்மையையும் எங்களுக்குத் தருவாயாக. நாங்கள் அறியாமல் தவறவிட்ட முகங்களுக்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.